ஆறு சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்

எங்கள் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், கடந்த நான்கு ஆண்டுகளில் என் அம்மாவைப் பார்த்த புறநோயாளிப் பிரிவு மருத்துவர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை காலை நாலரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, இரண்டு பஸ் மாறி வந்து, பொதுமருத்துவப் பிரிவில் அம்மாவுக்கு டோக்கன் எடுத்தேன். பதினொன்றே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவின் பழைய போட்டோக்களைத் தேதி எழுதி வரிசையாக ஒரு கவரில் வைத்திருந்தேன். அதைப் பிரிப்பதற்குள், “போட்டோ எல்லாம் எதுக்கும்மா? உடம்புக்கு என்னன்னு சொல்லுங்க” என்றார் மருத்துவர். தலைவலி, வியர்வை, கை மரத்துப்போவது, முட்டி வலி, அசதி என்று அம்மா சொல்லிக்கொண்டே போனார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே சீட்டு கைக்கு வந்துவிட்டது. மனநலப் பிரிவுக்குப் போகும்படி அதில் எழுதியிருந்தது.

மனநலப் பிரிவுக்குப் போவதில் எங்களுக்கு வெட்கம் இல்லை. நான்கு வருடமாக வலியோடு இருக்கிறவருக்கு மனசும் தளர்ந்துதான் போயிருக்கும், அங்கேயும் போகிறோம். ஆனால் உடம்பில் ஒன்றும் இல்லை என்று எந்தச் சோதனையை வைத்து முடிவு செய்தீர்கள்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த மடல்.

அம்மாவின் சீட்டுகள் எல்லாம் எங்கள் வீட்டு மஞ்சள் பையில்தான் இருக்கின்றன. முட்டி வலிக்கு எலும்புப் பிரிவு கொடுத்தது ஒன்று. விரல்கள் மரத்துப்போவதற்கு நரம்புப் பிரிவு கொடுத்தது ஒன்று. தையல் வேலை செய்கிறவர்களுக்கு மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது சகஜம் என்று சொல்லி அனுப்பினார்கள். குறட்டைக்குக் காது மூக்கு தொண்டைப் பிரிவு. 42 வயதில் மாதவிலக்கு நின்றதற்கு மகளிர் பிரிவு. கீழ்த்தாடை முன்னால் வந்து பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்ததற்குப் பல் பிரிவு. சுகரும் பிரஷரும் ஒரே வருடத்தில் வந்ததற்கு இன்னொன்று. ஆறும் ஒரே மனுஷியின் சீட்டு. இதுவரை ஒருவர்கூட அந்த ஆறையும் மேஜையில் ஒன்றாக விரித்துப் பார்க்கவில்லை. அவரவர் பிரிவுக்கு உரியதை அவரவர் பார்த்தீர்கள். அதில் குறை சொல்ல மாட்டேன், கொடுத்த மருந்துகளும் அந்தந்த வலிக்குச் சரியானவைதான். ஆனாலும் அம்மா முழுசாக எந்தப் பிரிவிலும் பார்க்கப்படவில்லை.

மெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அம்மாவுக்கு அப்பா போட்ட வெள்ளி மெட்டி, வாய் திறந்த மாதிரி. விரல் தடித்தபோது இரண்டு முறை விரித்துப் போட்டோம். ஆடி மாதம் மூன்றாவது முறை பத்தரிடம் போனபோது விரிக்க இடமே இல்லை. இரண்டு முனையும் சதைக்குள் இறங்கிவிட்டிருந்தன. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தார், தேங்காயெண்ணெய் தடவினார், நூல் சுற்றி இழுத்துப் பார்த்தார். கடைசியில் அப்பாவைப் பார்த்து, “அண்ணே, வெட்டித்தான் எடுக்கணும். சம்மதமா?” என்று கேட்டார். அப்பா தலையாட்டிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அம்மா சத்தம் போட்டு அழுகிறவர் இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கால் மெட்டியையும் வெட்டி எடுத்து ஒரு தாளில் மடித்துக் கொடுத்த பத்தர் என்னைத் தனியே கூப்பிட்டு, “பாப்பா, குண்டானா விரல்ல சதை போடும். இது எலும்பே பெருத்திருக்கு. நாப்பது வருஷமா விரலைப் பாக்கறேன், இந்த வயசுல இப்படி ஆகாது. டாக்டர்கிட்ட காட்டு” என்றார்.

காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

செருப்புக் கடைக்காரருக்கும் தெரிந்திருந்தது. ஆறாம் நம்பர் போட்டுக்கொண்டிருந்த அம்மா எட்டுக்கு வந்து, இப்போது ஆண்கள் செருப்பில் ஒன்பது போடுகிறார். இருபது வருடமாகப் பிடித்த கத்தரிக்கோலின் வளையத்துக்குள் அம்மாவின் கட்டைவிரல் இப்போது நுழைவதில்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் சுகர் மாத்திரை கொண்டுவரும் பணியாளர் ஒருநாள் சுவரைப் பார்த்து, “அக்கா, இந்தப் போட்டோல இருக்கிறது நீங்களா, உங்க தங்கச்சியா?” என்று கேட்டார். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தினமும் பார்க்கிற முகம் என்பதால் மூக்கு அகன்றதையும், புருவ எலும்பு புடைத்ததையும், உதடு தடித்ததையும் நாங்கள் கவனிக்காமலே இருந்துவிட்டோம். அன்று ராத்திரி உட்கார்ந்து வரிசைப்படுத்தியவைதான் நீங்கள் பார்க்க மறுத்த போட்டோக்கள்.

என் தம்பியின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பிட்யூட்டரி சுரப்பியைப் பற்றிய பாடம் இருக்கிறது. மூளையின் அடியில், மூக்குக்கு நேர் பின்னால், பட்டாணி அளவில் இருக்கும் அந்தச் சுரப்பி பெரியவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்தால் கை, கால், தாடை எலும்புகள் பெருக்கும், அதற்கு அக்ரோமெகலி என்று பெயர். பெரும்பாலும் அந்தச் சுரப்பியில் வரும் ஒரு கட்டிதான் காரணம், அது அநேகமாகப் புற்றுநோய்க் கட்டியும் இல்லை. சுகர், பிரஷர், குறட்டை, மூட்டு வலி, மணிக்கட்டு நரம்பு அழுந்துவது, வியர்வை, மாதவிலக்குக் கோளாறு எல்லாமே இதனால் வரக்கூடியவை. உங்கள் ஆறு சீட்டையும் இந்த ஒரு பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அம்மாவுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. நான் மில்லில் கணக்கு எழுதுகிறவள், மருத்துவர் இல்லை. வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். நான் கேட்பது ஒன்றுதான்: இருக்கிறதா இல்லையா என்று சோதித்து எழுதிக் கொடுங்கள்.

1886-ல் பாரிஸில் பியர் மாரி என்ற மருத்துவர் இந்த நோயை விவரித்து அக்ரோமெகலி என்று பெயர் வைத்தார். எக்ஸ்ரே வருவதற்கு அப்போது இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. ஹார்மோன் என்ற சொல்லே புழக்கத்துக்கு வரவில்லை. நோயாளியின் கையையும் முகத்தையும் உட்கார்ந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தார். இன்றைக்கும் பழைய போட்டோவையும் இப்போதைய முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது மருத்துவர்கள் கையாளுகிற வழிதான். நான் கவரோடு வந்தது அதனால்தான், ஐயா.

வளர்ச்சி ஹார்மோனை நேரடியாக அளந்தால் வேளைக்கு வேளை ஏறி இறங்கும், அதை நம்ப முடியாது. அதன் தூண்டுதலால் கல்லீரல் சுரக்கிற ஐஜிஎஃப்-1 என்பது நாள் முழுக்க ஓரளவு சீராக இருக்கும். ஒரு ஊசிக் குத்து ரத்தம் போதும். அது வயசுக்கு மீறிக் கூடுதலாக இருந்தால், 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து வளர்ச்சி ஹார்மோன் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம்தான் எம்.ஆர்.ஐ. எடுத்த எடுப்பில் ஸ்கேன் கேட்டு நான் அடம்பிடிக்கவில்லை. ஒரு தொந்தரவும் செய்யாத சின்னக் கட்டிகள் நல்ல உடம்புக்காரர்கள் பலருக்கும் அந்தச் சுரப்பியில் இருக்கும் என்பதால் ரத்தச் சோதனைதான் முதலில் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

ரத்தப் பரிசோதனை ஜன்னலில் கேட்டேன். “அந்த டெஸ்ட் இங்கே இல்லை” என்றார்கள். வெளியே தனியார் லேபில் கேட்டேன். அம்மா பத்து நாள் தைத்துச் சம்பாதிப்பதை ஒரு சோதனைக்குக் கேட்டார்கள். சரி, கடன் வாங்கியாவது எடுத்துவிடலாம் என்று போனால், “டாக்டர் சீட்டு இருக்கா?” என்றார்கள். ஆறு சீட்டையும் காட்டினேன். எதிலும் அந்தப் பெயர் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறது. அதை நீட்டவும் முதலில் நோய்க்கு ஒரு பெயர் வேண்டுமே.

கண் விஷயம்தான் எனக்கு இப்போது பெரிய பயம். அம்மா இன்றைக்கும் ஊசியில் நூல் கோத்துவிடுவார். கண் பிரிவில் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தார், கண் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் பஸ் ஸ்டாண்டில் இடப்பக்கம் நின்ற சைக்கிள் மேல் மோதி விழுந்தார். பக்கத்தில் வந்து நிற்கிறவரைத் திடீரென்று பார்த்துத் திடுக்கிடுகிறார். பிட்யூட்டரிக்கு நேர் மேலேதான் இரண்டு கண் நரம்பும் குறுக்கே சேர்கின்றன. கட்டி மேல்நோக்கி வளர்ந்து அங்கே அழுத்தினால் முதலில் போவது இரண்டு பக்கவாட்டுப் பார்வையும்தான். எழுத்துப் பலகை அதைக் காட்டாது. பார்வைப் புலத்தை அளக்கும் பெரிமெட்ரி சோதனைதான் காட்டும். தையல்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகிறது. கண் போன பிறகு வரும் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

உங்கள் கஷ்டமும் தெரியாமல் இல்லை. காலையிலிருந்து தலைநிமிர நேரமில்லாமல் பார்க்கிறீர்கள். இது அபூர்வமான நோய், பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு மூன்று நான்கு பேருக்குத்தான் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. கண்டுபிடிக்கவே ஐந்து பத்து வருடம் ஆவது உலகம் முழுக்க நடப்பதுதான் என்றும் படித்தேன். ஆனால் எங்களை அனுப்புவதற்கு ஓர் இடம் இருக்கிறது. பெரிய மருத்துவக் கல்லூரிகளில் நாளமில்லாச் சுரப்பிகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே அனுப்ப நீங்கள் எழுத வேண்டியது ஒரு வரி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மன்னிக்க வேண்டும். பெண்கள் சொன்னால் ஏன் யாரும் நம்புவதில்லை? என் பெரியம்மா மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லை. மாதவிலக்கு வராது, பிள்ளை பெறாமலே மாரில் பால் கசிந்தது. கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாமியார் வீட்டில் கேட்காத பேச்சு இல்லை. உடம்பைக் குறை, மனசை அமைதியாக வை என்றுதான் போன இடமெல்லாம் சொன்னார்கள். கடைசியில் ஒரு மருத்துவர், பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோனுக்கு ரத்தச் சோதனை எழுதினார். அதே பிட்யூட்டரியில் சின்னக் கட்டி. அறுவை சிகிச்சைகூட இல்லை, வாரம் இரண்டு நாள் கேபர்கோலின் மாத்திரை. இப்போது அவள் மகன் எல்.கே.ஜி. படிக்கிறான். அந்த ஆறு வருடத்தை அவளுக்கு யார் திருப்பித் தருவார்கள்? வயசாகிறது, மெனோபாஸ், கவலை, குண்டு என்ற இந்த நாலு வார்த்தையில் எத்தனை பெண்களைச் சீட்டோடு திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபத்தில் கை நடுங்குகிறது.

கோபத்தில் எழுத உட்காரக் கூடாது என்று அப்பா சொன்னார். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அம்மாவுக்கு ஐஜிஎஃப்-1, புரோலாக்டின், தைராய்டு, கார்டிசோல் ரத்தச் சோதனைகளை எழுதிக் கொடுங்கள். பார்வைப் புலச் சோதனை ஒன்று செய்யுங்கள். இங்கே வசதி இல்லையென்றால், பிட்யூட்டரி சந்தேகம் என்று எழுதி, சுரப்பிப் பிரிவு இருக்கிற மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புங்கள். எத்தனை பஸ் மாறினாலும் போய்விடுகிறோம். அங்கே இல்லை என்று வந்தால் அதையும் நிம்மதியாக ஏற்றுக்கொள்கிறோம். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சோதித்து எழுதிக் கொடுங்கள்.

வரும் செவ்வாய்க்கிழமை மறுபடியும் வருகிறோம். ஆறு சீட்டையும் ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறேன், போட்டோக்களும் இருக்கும். வெட்டிய மெட்டியையும் கொண்டுவரப்போகிறேன், அம்மாவின் விரலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். தயவுசெய்து எங்களுக்கு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

நன்றியுடனும் மரியாதையுடனும்,
உங்கள் புறநோயாளி ஒருவரின் மகள்