பிளஸ் ஒன் குரூப்பை மதிப்பெண் மட்டும் முடிவு செய்ய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு பல பள்ளிகளில் ஒட்டப்படும் அறிவிப்பைப் பற்றி இந்தக் கடிதம். இத்தனைக்கு மேல் வாங்கினால் பயோ மேத்ஸ் (கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்), அடுத்த படியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதற்கும் கீழே ப்யூர் சயின்ஸ், மிச்சப் பிள்ளைகளுக்குக் காமர்ஸ் அல்லது தொழிற்கல்வி. எண்கள் பள்ளிக்குப் பள்ளி மாறும், வரிசை மாறுவதில்லை. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இந்த வரிசையால் தனக்குப் பொருந்தாத வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகளை ஒவ்வொரு ஜூனிலும் பார்த்திருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு 100 மதிப்பெண். அதில் செய்முறைக்கு 25. மீதி 75-க்குள் இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் அடக்கம். மொழிப்பாடங்களும் சமூக அறிவியலும் சேர்ந்த 500-க்கான கூட்டுத்தொகையை வைத்து, ஒரு பிள்ளைக்கு இயற்பியல் வருமா வராதா என்று எப்படிச் சொல்ல முடியும்?

“இவளுக்குக் கணக்கு வராது, ப்யூர் சயின்ஸ்ல போட்டுடுங்க டீச்சர்” என்று பெற்றோர் வந்து நிற்பார்கள். ப்யூர் சயின்ஸில் கணிதம் என்ற பாடம் கிடையாது, சரி. கணக்கு எங்கே போகும்? பதினோராம் வகுப்பு இயற்பியலின் இரண்டாவது அலகு இயக்கவியல். வெக்டர், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம் மூன்றும் அங்கேயே வந்துவிடும். கணிதம் எடுத்த பிள்ளைகளுக்கும் அந்த நேரத்தில் அது புதிதுதான். ஏனென்றால் அவர்களுடைய கணிதப் புத்தகத்தில் வெக்டரும் நுண்கணிதமும் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. இடப்பெயர்ச்சியை வகையிட்டால் திசைவேகம் என்று நான் கரும்பலகையில் எழுதும்போது வகுப்பு மொத்தமும் பேசாமல் பார்க்கும். கணிதக் குரூப் பிள்ளைகளுக்கு இரண்டாம் தொகுதி வந்ததும் தெளிந்துவிடும். ப்யூர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு அந்தத் தொகுதியே கிடையாது. மாலையில் உட்கார வைத்து, எக்ஸ் ஸ்கொயரை வகையிடுவதிலிருந்து சொல்லிக் கொடுப்பேன். பலர் பிடித்துக்கொள்வார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் சேர்ந்த அன்று ஒருவரும் அவர்களிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்க கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்தான் எடுக்க வேண்டும் என்ற நம்பிக்கை இன்னும் ஊருக்கு ஊர் இருக்கிறது. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் கட் ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. கம்ப்யூட்டர் சயின்ஸ் மதிப்பெண் அதில் சேர்வதே இல்லை. பயோ மேத்ஸ் படித்தவரும் அதே கலந்தாய்வில் அதே பாடப்பிரிவைக் கேட்கலாம். மறுபக்கம், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவருக்கு பி.எஸ்சி. நர்சிங்கும் பிசியோதெரபியும் இல்லாமல் போகின்றன, உயிரியல் படிக்காததால்.

எங்கள் தெருவில் ஒரு பெண். சின்ன வயதிலிருந்தே நர்ஸ் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். பாட்டிக்கு வேளாவேளைக்கு இன்சுலின் போட்டுவிடுவது அவள்தான். பயோ மேத்ஸில் இடம் நிரம்பிவிட்டது என்று அவள் சேர்ந்த பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸில் போட்டார்கள். அப்பா போய்க் கேட்டதற்கு, எமிஸில் (கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேட்டில்) ஏற்றியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார்களாம். ப்யூர் சயின்ஸ் எடுத்தாலும் நர்சிங் போகலாம் என்று அந்த மேஜையில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பிளஸ் டூ முடித்து விண்ணப்பம் போடப் போனபோதுதான் அவர்களுக்கு விஷயமே தெரிந்தது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

பள்ளிக் கல்வித் துறையிடம் நான் கேட்பது இதுதான். சேர்க்கை முடிந்து முதல் ஒரு மாதம் குரூப் மாறுவதற்குத் தாராளமாக அனுமதி கொடுங்கள். அந்த மாதத்தில் இயக்கவியலையும் வேதியியலின் மோல் கணக்கீட்டையும் உயிரியலில் ஒரு பாடத்தையும் எல்லா அறிவியல் பிள்ளைகளுக்கும் நடத்தட்டும். ஆய்வகத்தையும் திறந்துவிடட்டும். மதிப்பெண் குறைவு என்று முதல் குரூப் மறுக்கப்பட்ட ஒரு பையனின் கையில், மெல்லிய கம்பியின் தடிமனை அளக்கும் திருகு அளவியைக் கொடுத்தேன். அதை மூடிப் பார்த்துவிட்டு, “டீச்சர், இது பூஜ்ஜியத்துல நிக்கல, அப்போ எல்லா அளவும் தப்பா வருமே” என்றான். அவன் சொன்னதற்குப் பெயர் சுழிப்பிழை, அதை நான் அப்போது இன்னும் நடத்தவே இல்லை. தலைமை ஆசிரியரிடம் பேசி அவனை முதல் குரூப்புக்கு மாற்ற முடிந்தது. எல்லாப் பள்ளியிலும் அது நடக்குமா?

இதற்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். 2018-இல் தொடங்கிய பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை. அந்தத் தேர்வைக் கொண்டுவந்ததே, பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிவிட்டு நேரே பிளஸ் டூ நடத்திய பள்ளிகளால்தான். அந்தப் பழக்கம் திரும்புவதற்குள், ஜூன் மாதத்தைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிவிட வேண்டும்.

அப்புறம், அறிவிப்புப் பலகையில் கட் ஆஃப் ஒட்டும்போது பக்கத்திலேயே இன்னொரு தாளையும் ஒட்டச் சொல்லுங்கள்: எந்தக் குரூப் எடுத்தால் எந்தெந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடியாது என்று. வரும் சேர்க்கைக்கான சுற்றறிக்கையிலேயே இதைச் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை இயற்பியல் ஆசிரியை,
துறையூர், திருச்சி மாவட்டம்.