மெதுவான வண்டிக்கு இரண்டாம் இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். குளிர்கால மாலைகளில் கார் கிளப்புகள் கூட்டமாகக் கிளம்புவது வீண் வம்பு, குளிர் போகும்வரை வண்டிகளை மூடிவைப்பதே நல்லது என்று சென்ற இதழின் கடிதங்கள் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பத்து வருடங்களுக்கும் மேலாக அப்படிக் கிளம்புகிறவர்களில் நானும் ஒருவன். அவர் சொன்ன ஆபத்துகளில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் வண்டிகளை மூடிவைத்தால் அது சரியாகிவிடாது. வரிசையில் எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் மாற்ற வேண்டும். இதை நாங்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன்பு ஒரு மாலை, ஒன்பது வண்டிகள் கிளம்பினோம். வேகமான வண்டிகள் முன்னால், பழையவை பின்னால் என்பது அன்றைய ஏற்பாடு. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாமே என்ற நல்ல எண்ணம்தான். கடைசியில் வந்தது எங்கள் கிளப்பிலேயே மூத்தவரின் 1963 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார்.

அந்த வண்டியை அறிந்தவர்களுக்கு அடுத்து நடந்தது ஆச்சரியமாக இருக்காது. அதன் இன்ஜின் காற்றால் குளிர்விக்கப்படுவது. ரேடியேட்டரும் இல்லை, ஹீட்டருக்குச் சுடுதண்ணீரும் இல்லை. இன்ஜினோடு சுழலும் ஃபேன் தள்ளுகிற காற்று, புகைக்குழாயைச் சுற்றியுள்ள உறைக்குள் சூடாகி முன்கண்ணாடி வரை வந்து சேர வேண்டும். இன்ஜின் சுறுசுறுப்பாகச் சுற்றினால் சூடு வரும். மெதுவாக ஊர்ந்தால் வெறும் மூச்சுக்காற்று அளவுக்குத்தான் வரும். பேட்டரியும் 6 வோல்ட். 1967 வாக்கில்தான் பீட்டில்கள் பரவலாக 12 வோல்ட்டுக்கு மாறின. ஆக, மங்கலான முன்விளக்கு, ஆவி படிகிற கண்ணாடி, எதிரே இருட்டு.

நீண்ட வரிசைக்கென்று ஒரு குணம் உண்டு. முன்வண்டி ஒரு வளைவில் லேசாகத் தயங்கி மறுபடி வேகமெடுத்தால், அந்தத் தயக்கம் ஒவ்வொரு வண்டியாகப் பெருகிக்கொண்டே பின்னால் போகும். முன்னவர் நிதானமாக 60-ல் போய்க்கொண்டிருக்கையில், விட்ட இடைவெளியைப் பிடிக்கக் கடைசி வண்டி 80-ஐத் தொட வேண்டியிருக்கும். எல்லோரிலும் மெதுவான வண்டியை, குளிர்ந்து கிடக்கும் சாலையில், எல்லோரிலும் வேகமாக ஓடச் சொன்னோம். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சேருமிடத்தில் எண்ணிப் பார்த்தபோது எட்டு வண்டிகள்தான் இருந்தன. இரண்டு பேர் திரும்பிப் போனோம். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் பீட்டில் ஓரங்கட்டி நின்றது. உள்ளே அவர் பருத்தித் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க அவர் மூச்சே அதில் மறுபடி படிந்தது. ஸ்டீயரிங்குக்கு நேரே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம், ஓரமெல்லாம் விரல் தடம். அந்த வட்டத்தின் வழியாகப் பார்த்துத்தான் அவ்வளவு தூரம் ஓட்டி வந்திருக்கிறார். நான் கதவைத் திறந்ததும், "உங்க பின்விளக்கு தெரிஞ்ச வரைக்கும் வந்துட்டேன் தம்பி. அப்புறம் ரோடும் தெரியல, நீங்களும் தெரியல" என்றார். விரல் மரத்துப்போய் அவரால் சாவியைத் திருப்ப முடியவில்லை. நான்தான் திருப்பினேன்.

மறு வாரமே முறையை மாற்றினோம். வரிசையில் முதல் வண்டி நல்ல விளக்குள்ள புது வண்டி. அதன் பின்னாலேயே, இரண்டாம் இடத்தில், இருப்பதிலேயே மெதுவான வண்டி. முதல் வண்டிக்காரரின் வேலை பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்து அந்த இரண்டாம் வண்டியின் வேகத்துக்குப் போவது மட்டுமே. பீட்டில் மூன்றாம் கியரில் 50-ஐ ஒட்டி ஓடினால் இன்ஜின் நன்றாகச் சுற்றும், முன்கண்ணாடிக்கும் சூடு வரும். திருப்பங்களில், பின்னால் வருபவரின் விளக்கு கண்ணாடியில் தெரியும்வரை யாரும் திரும்பக் கூடாது. கடைசி வண்டி அனுபவசாலியுடையது. என்ன ஆனாலும் அது யாரையும் முந்தாது. இதன் பிறகு நாங்கள் ஒருவரையும் தொலைத்ததில்லை.

மூடிவைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிர்காலம் முழுக்க ஷெட்டில் வைத்து, வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவதுதான் பராமரிப்பு என்று பலரும் நம்புகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஆயில் முழுதாகச் சூடாவதில்லை. எரிதலில் உண்டாகும் நீர் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கி, துருவுக்கு வழி செய்கிறது. ஒரு மணி நேரம் சீராக ஓடி வந்தால் அந்த ஈரம் ஆவியாகிப் போகும். பழைய வண்டிக்கு நாங்கள் செய்யும் நல்ல காரியங்களில் இந்த மாலை ஓட்டமும் ஒன்று என்றே நம்புகிறேன்.

புது வண்டிக்காரர்களும் அசட்டையாக இருக்க முடியாது. வெப்பம் ஐந்தாறு டிகிரி செல்சியஸ் குறைந்தாலே டயரில் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் இறங்கும்; மதியம் பார்த்த அளவை நம்பி இரவில் ஓட்டக் கூடாது. சுமார் 7 டிகிரிக்குக் கீழே கோடைக்கால டயரின் ரப்பர் விறைத்துப் பிடிமானம் குறையும். கண்ணாடியில் ஆவி படிந்தால் உள்காற்றையே சுற்றவிடாமல் வெளிக்காற்றை எடுத்து, ஹீட்டரோடு ஏ.சி.யையும் போடுங்கள். குளிரில் ஏ.சி.யா என்று கேட்பவர்கள் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் உங்கள் கண்ணிலேயே திரும்பி அடிக்கும்.

சாலையில் பனி உறையும் என்று வானிலை அறிவிப்பு வந்தால் நாங்கள் கிளம்புவதில்லை. அதில் விவாதமே கிடையாது. உறைபனியில் வண்டி நிற்க எடுக்கும் தூரம் பத்து மடங்கு வரை போகலாம். அதிலும் பாலங்கள் மேலும் கீழும் காற்றுபட்டு முதலில் உறைந்துவிடும்.

கோடையில் எங்கள் கூட்டங்களில் ஆளுக்கொரு வண்டியருகே நிற்போம், பக்கத்தில் இருப்பவர் பெயர்கூடத் தெரியாமல் போய்விடும். குளிரில் அப்படி இல்லை. பீட்டிலுக்கு இன்ஜின் பின்னால்தான்; அந்தப் பின்மூடியைத் திறந்ததும் எல்லோரும் அதைச் சுற்றி வந்து கையை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்பரேட்டர் பற்றி நான் கற்றதில் பாதி அங்கே கற்றதுதான். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப இழுத்துவிடும் சோக்கை எப்போது உள்ளே தள்ள வேண்டும் என்று கேட்டார். நான்கு பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். நான்கும் வேறு வேறு. பீட்டில்காரப் பெரியவர் அந்தப் பெண்ணை அவருடைய வண்டியிலேயே உட்காரவைத்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டே செய்யச் சொல்லிக் கொடுத்தார்.

வருகிற சனிக்கிழமை மாலை ஏழு வண்டிகள் கிளம்புகிறோம். பீட்டில் இரண்டாவது, நான் கடைசி. அந்த வாசகர் வர விரும்பினால், என் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. ஒரு கம்பளியும் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கார் கிளப் உறுப்பினர் ஒருவர்