செர்ன் பணியில் உள்ள டர்பன் இளைஞரின் கட்டுரைகளில் அவர் கைப்பட எழுதியவை எவை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜெனீவா அருகே உள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் அட்லஸ் ஆய்வுக் குழுவுக்காகக் கணினிப் பணி செய்யும் நம் டர்பன் இளைஞரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நம் பிள்ளை ஒருவர் அங்கே வேலை பார்ப்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் "நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளை எழுதியவர்" என்று தலைப்பிலேயே போட்டது சரியில்லை. அவர் உண்மையில் செய்த வேலை அந்தப் பெரிய எண்ணிக்கைக்குள் காணாமல் போய்விடுகிறது.

துகள் இயற்பியலில் இப்படிப்பட்ட பெரிய குழுக்களின் ஒரு கட்டுரைக்கு ஆயிரக்கணக்கில் ஆசிரியர்கள் இருப்பார்கள். ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறையைப் பற்றி அட்லஸும் செர்னின் இன்னொரு குழுவான சி.எம்.எஸ்.ஸும் சேர்ந்து 2015இல் வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 பேர். மொத்தம் 33 பக்கம். ஆய்வும் மேற்கோள்களும் 9 பக்கத்தில் முடிந்துவிடும், மீதி 24 பக்கமும் பொடி எழுத்தில் பெயர்களும் நிறுவனங்களும்தான். அகர வரிசையில் இருப்பதால் யார் என்ன செய்தார் என்று அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இது மோசடி இல்லை. அட்லஸ் பட்டியலில் பெயர் ஏற, சுமார் ஓராண்டு குழுவுக்காக ஒரு வேலையைப் பொறுப்பேற்றுச் செய்து தகுதி பெறவேண்டும். பெயர் உழைத்துச் சம்பாதித்ததுதான். ஆனால் அதை "எழுதினார்" என்று சொல்லக்கூடாது.

அவருடைய உழைப்பு வேறு இடத்தில் இருக்கிறது. நான் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறவள் என்பதால் அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல ஆசை. செர்னில் துகள்களை மோதவிட்டுத் திரட்டும் தரவை ஓரிடத்தில் வைத்து ஆராய முடியாது. 40க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 கணினி மையங்கள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. நம் கேப் டவுனில் உள்ள உயர்செயல்திறன் கணினி மையமும் அதில் ஒன்று. ஜோகன்னஸ்பர்கில் ஒரு மாணவி தன் ஆய்வுக்கான நிரலை அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த மையத்தில் ஓடவேண்டும் என்று பாண்டா என்ற மென்பொருள் முடிவு செய்யும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கு ரூசியோ என்ற இன்னொரு மென்பொருளிடம் இருக்கும். பல மணி நேரம் ஓடிய வேலை நடுவில் நின்றுபோனால் அதன் பதிவுக் கோப்பைத் திறந்து, வட்டு நிரம்பியதா, நுழைவு அனுமதிக்கான மின்சான்றிதழ் காலாவதியானதா, வலைப்பின்னல் அறுந்ததா என்று வரி வரியாகப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அடுத்த முறை அதே கோளாறை மென்பொருளே கண்டுபிடித்து வேலையை வேறு மையத்துக்கு மாற்றும்படி செய்யவும் ஆள் வேண்டும். அந்த ஆட்களில் இவர் ஒருவர்.

அந்த அனுபவத்தை அவர்கள் எழுதும் இடம், துகள் இயற்பியலுக்கான கணினிப் பணி பற்றிய செப் (CHEP) மாநாடு. 1985இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. அங்கே வரும் கட்டுரைகள் பெரும்பாலும் சில பக்கம்தான், ஆசிரியர்களும் சிலர்தான். இவருடைய சொந்தக் கையெழுத்தை அங்கேதான் தேடவேண்டும். நம் தென்னாப்பிரிக்க உயர்கல்வித் துறை ஆய்வு வெளியீடுகளுக்காகப் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் மானியக் கணக்கிலோ ஆய்விதழ்க் கட்டுரைக்கு ஓர் அலகு என்றால் மாநாட்டுக் கட்டுரைக்கு அதிகபட்சம் அரை அலகு. எந்நேரமும் மென்பொருளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அப்புறம், நம் சமூகத்துக்கே உரிய ஒரு சிக்கல். நாயுடு, பிள்ளை, கோவெண்டர், மூட்லி என்று இந்த ஊரில் எத்தனை ஆயிரம் குடும்பங்கள்! ஒரே முதலெழுத்தும் ஒரே குடும்பப் பெயரும் உள்ள இரண்டு மூன்று ஆய்வாளர்களின் கட்டுரைகளை இணையத் தேடல் ஒரே ஆளின் கணக்கில் சேர்த்துவிடும். 2012 முதல் ஆர்கிட் (ORCID) என்ற, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியான 16 இலக்க அடையாள எண் இதற்காகவே இலவசமாகக் கிடைக்கிறது. முதுகலைக்குப் போகும் நம் பிள்ளைகள் முதல் கட்டுரையை அனுப்பும் முன்பே அதை வாங்கிவிடவேண்டும். இதை உங்கள் மாணவர் பக்கத்தில் பெட்டிச் செய்தியாகப் போட்டால் பலருக்கும் உதவும்.

அந்த இளைஞரை நீங்கள் மறுபடியும் பேட்டி காணவேண்டும். அவர் எழுதிய கட்டுரைகளில் ஒன்றை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதில் என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்தார் என்று கேட்டு எழுதுங்கள். இரண்டு பக்கம் ஒதுக்கினாலும் தகும்.

இப்படிக்கு,
வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்