அமைதிப் பயிற்சி என்ற பெயரில் எங்கள் நாயை அச்சுறுத்தியது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
நாய்ப் பயிற்சி நிறுவனம், மதுரை.

பொருள்: தவறான பயிற்சி முறை – கட்டணத்தைத் திரும்பக் கோருதல் தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

எங்கள் செவலை ஒன்றேகால் வயதுச் சிப்பிப்பாறை நாய். காலிங் பெல் அடித்தால் வாசலுக்கும் கூடத்துக்குமாக ஓடி, வருபவர்கள் மீது தாவுவான். தனியே விட்டால் கதவைப் பிறாண்டுவான். அன்பான முறையில் மட்டுமே அவனது பதற்றத்தைத் தணிப்பதாகத் தாங்கள் உறுதியளித்ததை நம்பி, 12 வகுப்புகளுக்கு ரூ.18,000 செலுத்தினேன்.

ஆனால் வந்த பயிற்சியாளர் முதல் நாளே உட்புறம் முட்கள் கொண்ட சங்கிலியை அவன் கழுத்தில் மாட்டினார். முயல் வேட்டைக்கென வளர்க்கப்பட்ட இந்த இனத்துக்குக் கழுத்து நீளம், தோல் மெல்லியது, முடியும் குட்டை. முட்களைத் தாங்க அங்கே எதுவும் இல்லை. என்னை பெல் அடிக்கச் சொல்லிவிட்டு, செவலை எழும்போதெல்லாம் சங்கிலியைச் சுண்டி இழுத்தார். நான்காம் வகுப்பில் அவன் எழவே இல்லை. வாலை ஒடுக்கி, காதுகளைப் பின்னுக்கு மடித்து, உதட்டை நக்கியபடி, தன் சிறுநீரிலேயே படுத்திருந்தான். பயத்தில் உறைந்து கிடந்த அந்த நாயைக் காட்டி, “அமைதியாகிவிட்டான் பாருங்கள்” என்றார் உங்கள் பயிற்சியாளர். அன்றோடு வகுப்பை நிறுத்தினேன். இன்றும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவன் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறான்.

நடத்தைச் சிக்கல் உள்ள நாய்களுக்கும் வெகுமதி முறையையே பயன்படுத்த வேண்டும் என்று அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2021இல் தெளிவாகக் கூறியிருக்கிறது. இதைத் தொழிலாகவே செய்யும் தங்களுக்கு இது தெரியாமல் இருக்க நியாயமில்லை.

இப்போது கால்நடை மருத்துவரின் யோசனைப்படி நானே பழக்கி வருகிறேன். பெல் ஓசையைக் கைப்பேசியில் பதிந்து, அவன் காது மட்டும் அசையும் அளவுக்கு மெதுவாக ஒலிக்கவிட்டு, பாயில் படுத்தபடியே இருந்தால் ஒரு துண்டு கோழிக்கறி தருகிறேன். அவன் நிம்மதியாக இருக்கும் நாளில்தான் ஓசையைச் சற்றே கூட்டுகிறேன். உணவுக் கிண்ணத்தைத் தரைக்கு இறக்கும்போது அவன் எழுந்தால் மேலே தூக்கிவிடுவேன், உட்கார்ந்தால் மீண்டும் இறக்குவேன். முதல் நாள் 11 முறை தூக்க வேண்டியிருந்தது. ஆறாம் நாள் கிண்ணம் தரையைத் தொட்ட பிறகும், “சாப்பிடு” என்று நான் சொல்லும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இதற்குச் சங்கிலியும் தேவைப்படவில்லை, அதட்டலும் தேவைப்படவில்லை. இதைத்தான் தங்களிடம் எதிர்பார்த்துப் பணம் கட்டினேன்.

எனவே, முழுக் கட்டணத்தையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறும், முள் சங்கிலியை இனி எந்த நாய்க்கும் பயன்படுத்துவதில்லை என எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். கட்டண ரசீது, கழுத்துக் காயத்தின் புகைப்படங்கள், மருத்துவரின் சீட்டு ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
செவலையை வளர்ப்பவர்