காபி மேக்கர் வாங்கப்போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் புது வேலையில் சேர்ந்திருக்கிறாள். இரவுப் பணி. அதனால் வீட்டில் நேரம் காலம் இல்லாமல் காபி இறங்கிக்கொண்டே இருக்கிறது. நீயும் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய்.

குறைந்த பணத்தில் நல்ல டிரிப் காபி மேக்கர், அதாவது தண்ணீரைச் சூடாக்கிப் பொடியின் மேல் சொட்டவிட்டு வடிகட்டும் மின் இயந்திரம், கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். கிடைக்கும். ஆனால் பளிச்சென்று கண்ணில் படுகிற எதற்கும் காசு கொடுக்காதே. ஒளிரும் திரையும் வரிசையாகப் பொத்தான்களும் காபியின் ருசியில் சேராது. டைமர் இன்னும் வீண். ராத்திரியே பொடியைப் போட்டு வைத்தால் விடிவதற்குள் வாசனை போய்விடும்.

நீ முதலில் பார்க்க வேண்டியது, இயந்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை வாட் என்று போட்டிருக்கிறது என்பதை. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், உனக்குப் பிடித்த வேலைதானே! 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 93 டிகிரிக்குக் கொண்டுபோகச் சுமார் 285 கிலோஜூல் வேண்டும். 600 வாட் இயந்திரம் கொஞ்சமும் சூட்டை வீணாக்காவிட்டால்கூட அதற்கு 8 நிமிடம் ஆகும். 900 வாட் என்றால் 5 நிமிடத்துக்குச் சற்று மேல். தண்ணீர் 92 முதல் 96 டிகிரிக்குள் இருந்து, 4 முதல் 8 நிமிடத்துக்குள் முழுக்க இறங்கினால் காபி நன்றாக வரும். சூடு போதவில்லை என்றால் சப்பென்று புளிக்கும், நேரம் இழுத்தால் கசக்கும். அரை லிட்டருக்கு மேல் போடமாட்டாய் என்றால் 600 வாட்டே தாராளம்.

அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 12 கப் என்று எழுதியிருந்தால் பன்னிரண்டு பேருக்கு என்று நினைத்துவிடாதே. பெரும்பாலும் அவர்கள் கணக்கில் ஒரு கப் என்பது 125, 150 மில்லிதான். அதற்காகப் பெரியதாக வாங்கி, இரண்டு பேருக்கு மட்டும் போட்டாலும் சரிவராது. வடிகட்டி வைக்கும் அகலக் கூடையில் பொடி மெல்லிசாகப் பரவி, தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும்.

அடுத்து, தண்ணீர் விழும் இடம். மூடியைத் திறந்து பார். ஒரே ஒரு துளை இருந்தால் எடுக்காதே. பல துளைகள் பரவலாக இருக்க வேண்டும். ஏனென்று தெரிய, ஒற்றைத் துளை இயந்திரத்தில் காபி இறங்கியதும் கூடையை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் குழி விழுந்து பொடி வெளிறிப்போயிருக்கும், ஓரத்தில் உலர்ந்த பொடி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். நடுப்பொடி கசப்பைக் கொடுக்க, காசு கொடுத்து வாங்கிய ஓரப்பொடி குப்பைக்குப் போகும். அப்படி ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தால், பாதி இறங்கும்போது மூடியைத் திறந்து கரண்டியால் ஒரு கிளறு கிளறிவிட்டால் போதும்.

வெப்பம் காக்கும் ஸ்டீல் ஜாடியோடு வருவதற்கு விலை அதிகம். கண்ணாடி ஜாடியே போதும். ஆனால் அது உட்காரும் சூட்டுத் தட்டை நம்பாதே. தண்ணீரைக் கொதிக்கவைத்து மேலே தள்ளும் அதே கம்பிதான் பல இயந்திரங்களில் தட்டையும் சூடாக்குகிறது. அணைக்கும்வரை காபி வெந்துகொண்டே இருக்கும். இறங்கி முடிந்ததும் வீட்டில் இருக்கும் பிளாஸ்கில் ஊற்றிவிட்டு இயந்திரத்தை அணைத்துவிடு. ஊற்றுமுன் ஜாடியைக் கலக்கிக்கொள். முதலில் இறங்குவது கெட்டியாகவும் கடைசியில் வருவது தண்ணீராகவும் இருக்கும்.

கொலஸ்டிராலைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் செலவைப் பார்க்காமல் காகித வடிகட்டியே போடு. காபியில் கஃபெஸ்டால் என்று ஒரு எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. கொலஸ்டிராலை ஏற்றுவது அதுதான். காகிதம் அதைப் பெருமளவு பிடித்துக்கொள்ளும், உலோக வலை விட்டுவிடும். 1908-இல் ஜெர்மனியில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணி மகனின் நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து, துளை போட்ட பித்தளைக் குவளையில் வைத்து வடிகட்டிப் பார்த்தார். இன்றைய இயந்திரத்துக்குள் நடப்பதும் அதேதான், தண்ணீர் ஊற்றும் கைக்குப் பதில் மின்சாரம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழையது மலிவாகக் கிடைத்தாலும் தயங்காதே. வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டி, கடிகாரத்தில் நேரம் பார். இழுத்தால் உள்ளே உப்புப் படிந்திருக்கும். சிட்ரிக் அமிலம் கரைத்த நீரை ஒருமுறை ஓட்டி, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கண்ணாடி ஜாடி தனியாகக் கிடைக்கிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள். முதலில் உடைவது அதுதான்.

மிச்சம் பிடித்த பணத்தைக் கொட்டை அரைக்கும் கைமெஷினில் போடுவேன், நானாக இருந்தால். கத்தி சுழல்வது வேண்டாம், பல் தகடுகளுக்கு நடுவே அரைப்பதாகப் பார்த்து வாங்கு. பால் இல்லாமல் குடித்தால் லிட்டருக்கு 55, 60 கிராம் பொடி போதும். பால் சேர்ப்பதாக இருந்தால் காபி நீர்த்துப்போகும், தண்ணீரைக் குறைத்துக்கொள்.

எதை வாங்கினாய், எத்தனை வாட் என்று எழுது. அப்புறம், உன் தங்கை வீடு மாறும் விஷயம் என்ன ஆனது? போன கடிதத்தில் பாதியில் விட்டுவிட்டாயே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்