பத்து ஆண்டுகளைத் தாவிவிட்ட கட்டுரை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிரிட்டிஷ் நடிகர் ஏர்ல் கேமரன் பற்றிய கட்டுரை படித்தேன். அட்லாண்டிக் தீவான பெர்முடாவில் பிறந்த கறுப்பின இளைஞர், கப்பல் தொழிலாளியாக 1939-இல் லண்டன் வந்து, பாத்திரம் கழுவிப் பிழைத்தார். 1941-இல் ‘சூ சின் சௌ’ இசை நாடகத்தில் ஒருவர் வராமல் போகவே, அந்த இடத்தில் மேடையேறினார். இதைக் கட்டுரையாளர் சுவையாகவே சொல்கிறார். ஆனால் அடுத்த பத்தியில் 1951-இல் வெளிவந்த ‘பூல் ஆஃப் லண்டன்’ படத்துக்குப் போய்விடுகிறார். இடையில் பத்து ஆண்டுகள் அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார்? அதிர்ஷ்டத்தை மட்டும் சொல்லி உழைப்பை விட்டுவிடுவது எந்த நடிகருக்கும் நியாயம் இல்லை.

முதல் வாய்ப்பு கும்பலில் ஒருவராக நிற்பதுதான். பிறகுதான் ‘தி பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட்’ நாடகத்தில் வசனம் பேசும் வேடம் வந்தது. அவருடைய பெர்முடா உச்சரிப்பு ஆங்கிலேயர் காதுக்கு அமெரிக்கர் பேச்சாகக் கேட்டது, அதுவே உதவியும் செய்தது. 1945-இல் மூவர் பாடகர் குழு ஒன்றில் சேர்ந்து, பிரிட்டிஷ் படைவீரர்களுக்காக இந்தியாவுக்கும் வந்து பாடியிருக்கிறார். நம் வாசகர்களுக்கு எழுதும்போது இதையாவது விட்டிருக்க வேண்டாம்.

இவற்றைவிடப் பெரிய செய்தி, அவர் குரல் பயிற்சி பெற்றது அமண்டா ஆல்ட்ரிட்ஜிடம் என்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயார்க்கிலிருந்து வந்து ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவாக ஐரோப்பாவையே வலம்வந்த கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜின் மகள் அவர். புகழ்பெற்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சனும் அவரிடம் பயின்றவர். கேமரன் போனபோது அந்த அம்மையாருக்கு எண்பது வயதை ஒட்டியிருக்கும். கடைசி வரிசைக்கும் எட்டும்படி வசனம் பேச, ஒலிபெருக்கி இல்லாத அந்த நாளில் வேறு வழி ஏது?

1947-இல் லண்டன் விண்டம்ஸ் அரங்கில் ‘டீப் ஆர் த ரூட்ஸ்’ நாடகம். போரிலிருந்து அமெரிக்கத் தென்பகுதிக்குத் திரும்பும் கறுப்பின ராணுவ அதிகாரியின் கதை. நாயகன் கோர்டன் ஹீத். கேமரன் அவருக்கு மாற்று நடிகர், அதாவது வேடம் முழுவதையும் பாடம் செய்துகொண்டு திரைக்குப் பின்னால் காத்திருப்பவர். நாடகம் வெளியூர்களுக்குப் போனபோது அவரும் போனார்.

அன்றைய ரெப்பர்ட்டரி முறையையும் கட்டுரை ஒரு வரி சொல்லியிருக்கலாம். ஊர் ஊராக நிலையான குழுக்கள், பல இடங்களில் வாரத்துக்கு ஒரு புது நாடகம். பகலில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை, இரவில் இந்த வாரக் காட்சி. நடிகர்களை வளர்த்த பட்டறை அது. ஆனால் ஆண்டு முழுவதும் ஆங்கிலக் குடும்பக் கதைகளும் துப்பறியும் கதைகளும் ஓடிய மேடையில் கறுப்பு நடிகருக்கு நிலையான இடம் ஏது? நாடகாசிரியர் கறுப்பர் வேடம் எழுதினால்தான் அழைப்பு வரும். வெள்ளையர் வாரம் ஒரு வேடம் போட்டுத் தேறிய வேலையை, கேமரன் போன்றவர்கள் கிடைத்த ஓரிரண்டு வேடங்களிலேயே கற்க வேண்டியிருந்தது. 102 வயது வாழ்ந்து 2020-இல் மறைந்தவரின் வரலாற்றில் சினிமாவை விட எனக்கு இதுதான் வியப்பு.

அமண்டா ஆல்ட்ரிட்ஜ் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றும், கோர்டன் ஹீத் பற்றி இன்னொன்றும் வெளியிடுங்கள். பக்கம் போதாதென்றால் ராசிபலனைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நாடக ரசிகன்,
கும்பகோணம்