நீ கேட்ட ஹெல்மெட் விவகாரம்

டாலஸ், டெக்சாஸ்

அன்புள்ள மாப்ளே,

நாங்கள் இங்கே நலம். நீயும் தங்கச்சியும் நலந்தானே? முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் மகன் சொன்னான். இப்போது மாடிப்படி ஏறுகிறாயா, இன்னும் வாக்கர்தானா? பயிற்சி கொடுக்க வருகிற பையனைத் திட்டி அனுப்பிவிடாதே. உன்னை எனக்குத் தெரியும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மகள் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, "என்னலே, பேரனுக்கு மண்டையில அடிகிடி பட்டுட்டா? அந்த ஊர்ல கைப்பிள்ளைக்கும் ஹெல்மெட் சட்டமா?" என்று எழுதியிருந்தாய். இரண்டும் இல்லை. பயலுக்குத் தலை பின்பக்கம், வலது ஓரமாகச் சப்பையாகிவிட்டது. அதைச் சரிசெய்யப் போட்ட ஹெல்மெட் அது. இந்த ஊரில் பூங்காவுக்குப் போனால் இப்படி ஒன்றிரண்டு பிள்ளைகளைப் பார்த்துவிடலாம். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மருமகன் அதில் இந்த ஊர்க் கால்பந்து டீமான கவ்பாய்ஸின் நட்சத்திர ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். உன் தங்கச்சி (என் வீட்டுக்காரியைத்தான் சொல்கிறேன்) மறுநாளே அதற்குப் பக்கத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு வைத்தாள்.

இது ஏன் இங்கே இவ்வளவு சகஜம் என்று தோண்டிப் பார்த்தேன். ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியாருக்கு வேறென்ன வேலை? அமெரிக்காவில் ஒரு காலத்தில் பிள்ளைகளைக் குப்புறப் போட்டுத்தான் தூங்க வைத்தார்கள். 1992-இல்கூடப் பத்துக்கு ஏழு பிள்ளைகள் அப்படித்தான் தூங்கின. தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறந்துபோகும் பச்சைக் குழந்தைகளுக்கும் இந்தக் குப்புறத் தூக்கத்துக்கும் சம்பந்தம் இருப்பது தெரிந்ததும், குழந்தை மருத்துவர் சங்கம் அந்த வருடமே குப்புறப் போடாதீர்கள் என்று அறிவித்தது. 1994-இல் மல்லாக்கப் படுக்கப் போடச் சொல்லி நாடு முழுக்கப் பிரசாரம் தொடங்கினார்கள். பத்து வருடத்துக்குள் அந்தச் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டன. மருந்து இல்லை, ஊசி இல்லை, பிள்ளையைத் திருப்பிப் போட்டதற்கே இவ்வளவு பலன். ஆனால் மல்லாக்கப் படுத்தே கிடந்ததில் பிடரி தட்டையான பிள்ளைகள் டாக்டர்களிடம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். கனடாவில் கால்கரி ஊரில் 7 முதல் 12 வார வயதுள்ள 440 குழந்தைகளைப் பார்த்ததில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தலையில் ஏதோ ஓர் அளவு கோணல் இருந்திருக்கிறது. பெரும்பாலானவை லேசானவைதான்.

இந்த ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளை காரில் போனால் கார் சீட், வீட்டுக்கு வந்தால் ஊஞ்சல் நாற்காலி, அதிலிருந்து தொட்டில். எல்லாவற்றிலும் பிடரிதான் பதிகிறது. மடியிலும் தோளிலும் இடுப்பிலும் இருக்கிற நேரம் குறைவு. வேலைக்குப் போகிற இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் யாரைக் குறை சொல்ல முடியும்?

எங்கள் பயலுக்கு மூலகாரணம் வேறு. பிறந்ததிலிருந்தே வலது பக்கம்தான் பார்ப்பான். இடது பக்கம் கிலுகிலுப்பையை ஆட்டினால் கண் மட்டும் வரும், கழுத்து வராது. இரண்டாம் மாத ஊசிக்குப் போனபோது டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இடது காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்கு இறங்கும் தசை இறுக்கமாக இருக்கிறது என்றார். டார்ட்டிகோலிஸ் என்று பெயர். அந்தத் தசை இறுகினால் தலை அதே பக்கம் சாயும், முகம் எதிர்ப்பக்கம் திரும்பும். அப்படியே படுத்துப் படுத்து வலப்பிடரி அமுங்கிவிட்டது.

அப்புறம் அந்த டாக்டர் செய்த ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. பிள்ளையை மடியில் உட்காரவைத்து உச்சந்தலைக்கு நேர் மேலிருந்து பார்க்கச் சொன்னார். பின்னால் அமுங்கிய அதே பக்கத்தில் காது முன்னால் தள்ளி, நெற்றியும் கொஞ்சம் புடைத்து, தலை இணைகரம் மாதிரி இருந்தது. அப்படி இருந்தால் பெரும்பாலும் படுக்கையால் வந்த கோணல்தான். மண்டையோட்டுத் தட்டுகளுக்கு நடுவே உள்ள இணைப்பு ஒன்று பிறப்பிலேயே மூடிப்போவது என்று இன்னொரு கோளாறு உண்டு. அதில் பிடரிப் பக்க இணைப்பு மூடியிருந்தால் காது பின்னால் இழுபட்டு, தலை சரிவகமாகத் தெரியுமாம். அது அபூர்வம்தான். ஆனால் வெறும் ஹெல்மெட்டால் தீராது, ஆபரேஷன் தேவைப்படும். முப்பது வருஷம் பத்தாம் வகுப்புக்கு இணைகரமும் சரிவகமும் வரைந்தேன். அது இப்படி என் பேரன் தலைக்கு வந்து நிற்கும் என்று யார் கண்டது?

முதலில் ஹெல்மெட் இல்லை. கழுத்துக்குப் பிசியோதெரபி. டயபர் மாற்றும்போதெல்லாம் கழுத்தை மெதுவாக நீட்டிவிட வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் போட வேண்டும். இதற்கு 'டம்மி டைம்' (வயிறு படிகிற நேரம்) என்று ஒரு பெயர் வைத்து, கைப்பேசியில் நேரம் குறித்துச் செய்கிறார்கள். தொட்டிலில் தலைமாட்டைக் கால்மாடாக மாற்றினோம், ஜன்னல் வெளிச்சத்துக்காக அவன் இடப்பக்கம் திரும்பட்டும் என்று. கழுத்து நன்றாகவே இளகியது. தலை அவ்வளவு வேகமாக வரவில்லை.

அஞ்சாம் மாதம் அளந்தார்கள். கணக்கு எளிது, நீயும் போடலாம். மேலிருந்து பார்த்துத் தலையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். வித்தியாசத்தைப் பெரியதால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். இவனுக்கு 137 மில்லிமீட்டரும் 126-ம். ஆக, 8 சதவீதம். மூன்றரைக்குள் இருந்தால் கவலையே இல்லை, ஆறே காலைத் தாண்டினால் நடுத்தரம், எட்டே முக்காலைத் தாண்டினால் கடுமை என்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். ஹெல்மெட்டைப் பற்றி யோசிக்கலாம் என்றார்கள்.

மாவுக்கட்டெல்லாம் இப்போது கிடையாது. கேமராவால் தலையைச் சுற்றிப் படம் எடுத்து, அந்த ஒரு தலைக்கென்றே செய்கிறார்கள். வெளியே கெட்டி பிளாஸ்டிக், உள்ளே நுரைப் பஞ்சு. அமுக்கி உருட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி இல்லை. கொத்தனார் தூணுக்குப் பலகை அடைப்பது மாதிரிதான். புடைத்த இடத்தில் ஒட்டி நிற்கும், சப்பையான இடத்தில் காலியிடம் விட்டிருக்கும். வளர்கிற தலை இடம் இருக்கிற பக்கம் வளரும். அதனால் பிள்ளை வளரும் வேகம்தான் இதற்கு மூலதனம். முதல் மூன்று மாதம் தலைச் சுற்றளவு மாதத்துக்கு 2 செ.மீ., அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., அப்புறம் அரை. ஆகவே நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொடங்கச் சொல்கிறார்கள். ஒரு வயது தாண்டிப் போட்டால் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை.

ஒரு நாளைக்கு 23 மணி நேரம் தலையில் இருக்க வேண்டும். குளிக்கவும் துடைக்கவும் ஒரு மணி நேரம் விடுதலை. டெக்சாஸ் வெயிலில் முதல் வாரம் பயலுக்கு வேர்த்துக் கொட்டியது. ஹெல்மெட்டைக் கழற்றினால் ஒரு வாடை அடிக்கும் பார், நம் ஹாஸ்டல் ஷூ அலமாரி தோற்றது. தினமும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பது என் வேலை. தோலில் சிவப்பு இருந்தால் ஒரு மணி நேரத்தில் மறைகிறதா என்று பார்த்துக் குறித்து வைப்பதும் நான்தான். அவனுக்கென்னவோ நாலே நாளில் பழகிவிட்டது. பழகாதது பாட்டிக்குத்தான். கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சப் போனால் அந்தப் பிளாஸ்டிக் நேராக அவள் தாடையில் வந்து இடிக்கும்.

வீட்டில் ஒரு பனிப்போரும் நடந்தது. என் வீட்டுக்காரி வந்த அன்றே, காலில் போட்டு எண்ணெய் தேய்த்துத் தலையை உருட்டிவிட்டால் பத்து நாளில் சரியாகிவிடும் என்றாள். டாக்டர், எண்ணெய் தாராளமாகத் தேயுங்கள், மண்டையை அமுக்க மட்டும் கூடாது என்றார். மகள் டாக்டர் பக்கம். இவளோ குளிக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் யாருக்கும் தெரியாமல் நீவிவிட்டிருக்கிறாள் என்று எனக்குச் சந்தேகம்.

போன மாதம் ஹெல்மெட்டைக் கழற்றியாகிவிட்டது. இப்போது 146, 140. கணக்குப் போட்டால் 4 சதவீதம். முடி வளர்ந்துவிட்டால் நீ கண்டுபிடிக்க மாட்டாய். மகள், ஹெல்மெட் போட்டதால்தான் என்கிறாள். இவள், என் கைதான் என்கிறாள். பிசியோதெரபி பெண்ணைக் கேட்டால் கழுத்தால்தான் என்பாள். எனக்கு இவர்கள் யார் மீதும் முழு நம்பிக்கை இல்லை மாப்ளே. பிள்ளை உட்காரவும் தவழவும் தொடங்கினால் பிடரி படுக்கையில் படுவதே குறைந்துவிடுகிறது. தலையும் தன்பாட்டுக்குப் பெரிதாகிறது. வித்தியாசம் அதே 11 மில்லிமீட்டராக நின்றிருந்தாலும், தலை வளர்ந்ததில் சதவீதம் ஏழரைக்கு இறங்கியிருக்கும். ஒன்றுமே செய்யாமல் விட்ட இன்னொரு பேரன் இதே தலையோடு இருந்தால்தான் யார் சொல்வது சரி என்று தெரியும்.

நெதர்லாந்தில் அதைத்தான் செய்து பார்த்திருக்கிறார்கள். நடுத்தரம் முதல் கடுமை வரை கோணல் உள்ள, ஐந்தாறு மாத வயதுக் குழந்தைகள் 84 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 42 பேருக்கு ஹெல்மெட், 42 பேருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு வயதில் அளந்தவர்களுக்கு, எந்தப் பிள்ளை எந்தக் கட்சி என்று சொல்லவில்லை. 2014-இல் முடிவு வந்தது. ஹெல்மெட் போட்டவர்களில் 39-க்கு 10 பேருக்குத் தலை முழுதாகச் சீராகியிருந்தது. போடாதவர்களில் 40-க்கு 9. அவ்வளவுதான் வித்தியாசம்! ஹெல்மெட் கட்சிப் பெற்றோரில் நூற்றுக்கு 77 பேர், பிள்ளையைக் கொஞ்ச இடைஞ்சலாக இருந்தது என்று சொன்னார்களாம். இதைப் படித்துக் காட்டியபோது மட்டும் இவளுக்கு டச்சுக்காரர்கள் மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

ஆனால் அந்த ஆராய்ச்சியிலும் ஓட்டை உண்டு. மிகக் கடுமையான கோணல் உள்ள பிள்ளைகளையும், கழுத்து இறுக்கம் உள்ள பிள்ளைகளையும் அதில் சேர்க்கவில்லை. நிறையப் பேருக்கு ஹெல்மெட் சரியாகப் பொருந்தாமல் நழுவியிருக்கிறது. அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்கள் 2016-இல் எல்லா ஆராய்ச்சிகளையும் பார்த்துவிட்டு, பயிற்சிக்குப் பிறகும் நடுத்தரமாகவோ கடுமையாகவோ நிற்கும் கோணலுக்கு ஹெல்மெட் போடலாம் என்றே வழிகாட்டினார்கள். பிரிட்டனிலோ அரசு மருத்துவத்தில் பொதுவாக இதைக் கொடுப்பதே இல்லை, வேண்டுமென்றால் கைக்காசு. இங்கேயும் இன்ஷூரன்ஸ்காரன் முதலில் கைவிரித்தான். இரண்டு மாதம் பயிற்சி செய்ததற்குச் சான்று கொடுத்த பிறகு பாதிதான் கொடுத்தான்.

என்னைக் கேட்டால், லேசான கோணலுக்கு இது வீண் செலவு. ரொம்பக் கடுமை என்றால் போட்டுவிடுவேன். எங்கள் பயல் மாதிரி நடுவில் இருப்பவர்களுக்குப் பெற்றவர்கள் மனசும் பர்சும்தான் தீர்ப்பு. மகளுக்கு ராத்திரி தூக்கம் வந்தது, அந்தக் காசுக்கு அதுவே போதும் என்று விட்டுவிட்டேன். ஆனால் மூளை வளர்ச்சிக்காகப் போடுகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஒரு பக்கம் தட்டையானால் மண்டை மறுபக்கம் விரிந்துகொள்ளும், மூளைக்கு இடம் குறையாது. இது தோற்றத்துக்கான வைத்தியம்.

உன் கூடப்பிறந்த தங்கையின் பேத்திக்கும் தலை ஒரு பக்கம் சப்பையாக இருக்கிறது, கடுகுத் தலையணை தைத்திருக்கிறோம் என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருந்தாய். மூன்று மாதம்தானே ஆகிறது? முதலில் அந்தத் தலையணையை எடுத்துவிடச் சொல். தலையை உருண்டையாக்கும் என்று விற்கிற தலையணைகளை வைக்கவே வேண்டாம், மூச்சு முட்டும் ஆபத்து உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022-இல் எச்சரித்திருக்கிறது. கடுகு என்றால் மட்டும் மூக்கை மூடாதா? தூங்கும்போது மல்லாக்க, தலையணை இல்லாமல், கெட்டியான சம தரையில். முழித்திருக்கும்போது மடியிலோ நெஞ்சிலோ குப்புற, பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். பிள்ளை எப்போதும் ஒரே பக்கம்தான் பார்க்கிறதா என்று இரண்டு நாள் கவனிக்கச் சொல். அப்படியென்றால் பிள்ளை டாக்டரிடம் கழுத்தைக் காட்ட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. மேலிருந்து பார்த்துக் காது எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்பதையும் நீயே பார்த்துவிடு. ஜியாமெட்ரியில் என்னைவிட நீதான் கெட்டிக்காரன். பின்னால் தள்ளியிருந்தாலோ, மண்டையில் வரப்பு மாதிரி கைக்குத் தட்டுப்பட்டாலோ அன்றைக்கே கூட்டிப் போகச் சொல். இது எதுவும் இல்லையென்றால் ஹெல்மெட் பேச்சை அஞ்சாம் மாதம் வரை எடுக்கவே வேண்டாம்.

தை பிறந்ததும் ஊருக்கு வருகிறோம். அதுவரை என் வீட்டு மோட்டாரை வாரம் ஒரு தடவை ஓடவிடு, துருப்பிடித்துவிடும். சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. மாடி ஏற வேண்டாம், உன் மகனை அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்